கிலோமீட்டர் போதாதா, போன வழியும் வேண்டுமா? ஓட்டத்துக்கேற்ற கார் காப்பீடும் தரவுச் சட்டமும்

காங்கேயத்துக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டில் நிற்கும் காரை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஒரு நாள் சந்தைக்கும், முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்துக்கும், ஆண்டுக்கு இரண்டு முறை பழனிக்கும் போய்வரும். மற்ற நாட்களில் தென்னை மட்டை விழாத இடமாகப் பார்த்து நிறுத்தி, மேலே தார்ப்பாய் போர்த்தி வைத்திருப்பார்கள். அதே ஆண்டில் வாங்கிய, அதே மாடல் காரில் திருப்பூர் பனியன் கம்பெனியின் மெர்ச்சண்டைசர் ஒருவர் கோவை, ஈரோடு, கரூர் என்று நாள்தோறும் சுற்றி ஆண்டுக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு கார்களுக்கும் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டின் அடிப்படைக் கணக்கு ஒன்றேதான். பாலிசியில் ஐ.டி.வி. என்று எழுதப்படும் வண்டியின் மதிப்பு, எஞ்சினின் சி.சி., வண்டியின் வயது, அது பதிவான மண்டலம் ஆகியவற்றைக் கொண்டே பிரீமியத்தின் அடித்தளம் போடப்படுகிறது. பழைய கட்டண அட்டவணைப்படி சென்னை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் 'ஏ' மண்டலம். நாட்டின் மற்ற ஊர்கள் எல்லாம் 'பி' மண்டலம். ஆகவே அவிநாசி சாலையின் நெரிசலில் ஊரும் காரும் அந்தியூர்க்காட்டில் நிற்கும் காரும் அட்டவணையின் கண்ணுக்கு ஒன்றுதான். சொந்தச் சேதத்துக்கான கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று 2007-ல் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு தள்ளுபடிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறினவே தவிர, வண்டி எவ்வளவு ஓடியது என்ற கேள்வி நெடுங்காலம் கணக்குக்குள் வரவில்லை.

"வண்டி ஷெட்டுலயேதானுங்க நிக்குது, அதுக்கு எதுக்குங்க முழுப் பிரீமியம்?" என்று ஏஜென்ட் இப்போது கேட்பதற்குக் காரணம் 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொடுத்த அனுமதி. அதற்கு முன் 2019-ல் கொண்டுவந்த பரிசோதனை விதிமுறைகளின் கீழ் சில நிறுவனங்கள் சிறிய அளவில் முயன்று பார்த்ததை, இந்த அனுமதி எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. ஓடும் தூரத்துக்கேற்பப் பிரீமியம், ஓட்டும் விதத்துக்கேற்பப் பிரீமியம், ஒருவரின் பல வண்டிகளுக்கு ஒரே பாலிசி என மூன்று வகைகளை, சொந்தச் சேதக் காப்பீட்டோடு சேர்க்கும் கூடுதல் வசதியாக விற்கலாம் என்றது அது. பேச்சில் முதல் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். தரவு என்ற கோணத்தில் பார்த்தால் அவை இரண்டும் முற்றிலும் வேறான சரக்குகள். இக்கட்டுரை பெரும்பாலும் அந்த வேறுபாட்டைப் பற்றியதே.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கும், நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் தேர்டு பார்ட்டி காப்பீட்டுக்கும் இந்தத் திட்டங்களுக்கும் தொடர்பில்லை. அதன் கட்டணத்தை அரசே அறிவிக்கிறது. 2022 ஜூனில் அறிவித்தபடி 1000 முதல் 1500 சி.சி. வரையிலான தனியார் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய், வண்டி ஓடினாலும் நின்றாலும் ஒரு ரூபாய் குறையாது. சலுகையெல்லாம் சொந்தச் சேதப் பகுதியில்தான் கிடைக்கும். அந்தப் பகுதியோ வண்டி பழசாகப் பழசாகச் சுருங்குவது. கிளெய்ம் கேட்காதவர்களுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் என்.சி.பி. என்ற தள்ளுபடி வேறு அதிலேயே கழிகிறது. கழிவெல்லாம் போக 4,000 ரூபாய் மிஞ்சி, அதில் 15 சதவீதம் தள்ளுபடி கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு மிச்சம் 600 ரூபாய். தன் நடமாட்டக் குறிப்பை ஓராண்டுக்குக் கொடுக்க அது தகுந்த விலையா என்று யோசிப்பவர் கையில் இந்தக் கணக்கு இருக்க வேண்டும். ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் சதவீதத்தைச் சொல்வார்கள், ரூபாயைச் சொல்ல மாட்டார்கள்.

தூரத்தை அளக்கும் வழிகளில் எளியது ஓடோமீட்டர். பாலிசி எடுக்கும்போது டாஷ்போர்டைப் படமெடுத்து அனுப்பி, இத்தனை கிலோமீட்டருக்குள் ஓட்டுவேன் என்று ஒரு வரம்பைத் தேர்ந்துகொள்கிறோம். வரம்பு முடியும் தறுவாயில் கூடுதல் கிலோமீட்டரை வாங்கிக்கொள்ளலாம். வாங்காமல் கடந்துவிட்ட பிறகு வண்டி அடிபட்டால் இழப்பீடு குறையக்கூடும் என்பதால் நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். இங்கே நிறுவனத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு எண். அந்தக் கார் பழனிக்குப் போனதா, பாலக்காட்டுக்குப் போனதா என்பது அந்த எண்ணில் இல்லை.

ஓட்டும் விதத்தை அளக்க அந்த எண் உதவாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. துளையில் செருகும் சிறு கருவி, அல்லது ஓட்டுபவரின் கைபேசியில் இறக்கும் செயலி, அல்லது புதிய கார்களில் கம்பெனியே வைத்து அனுப்பும் சிம் கார்டு, இவற்றில் ஏதேனும் ஒன்று வேண்டும். வேகம், பிரேக் அழுத்தம், திருப்பத்தின் கடுமை, புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், வழியெல்லாம் ஜி.பி.எஸ். புள்ளிகள் என்று சேகரித்து, அதை ஒரு மதிப்பெண்ணாக மாற்றுகிறார்கள். எந்தச் சூத்திரத்தால் மாற்றுகிறார்கள் என்பது பொதுவாகத் தொழில் ரகசியம்.

அந்த மதிப்பெண் கொங்குச் சாலைகளில் எப்படி விழும் என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறினால் 40. சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்குப் போய்வரும் ஒருவரும் பெருந்துறை நான்குவழிச் சாலையிலேயே போய்வரும் ஒருவரும் ஒரே பொறுமையோடு ஓட்டினாலும் அவர்களுடைய பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஒரே கதையைச் சொல்லா. நள்ளிரவுப் பயணத்தை அபாயமாகக் கணக்கிடும் திட்டங்கள் வெளிநாடுகளில் உண்டு. அந்த வழக்கம் அப்படியே இங்கே இறங்கினால், இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் மில் சூப்பர்வைசர் தன் வேலை நேரத்துக்காகவே கூடுதல் பிரீமியம் கட்டுவார். திடீர் பிரேக் போடாதவர் நல்ல ஓட்டுநரா, குறுக்கே வந்த ஆட்டுக்குட்டியைப் பார்க்கவே பார்க்காதவரா என்பதும் கருவிக்குத் தெரியாது. அளவீடே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வேகமும் கைபேசியும் விபத்தோடு தொடர்புள்ளவைதான். அளவுகோல் எந்தச் சாலையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்று கேட்கும் உரிமை ஓட்டுபவருக்கு வேண்டும் என்பதே என் கட்சி.

இடத் தரவோ மதிப்பெண்ணைவிடக் கனமானது. மூன்று மாத ஜி.பி.எஸ். பதிவை ஒருவரிடம் கொடுத்தால், வீடு எது, வேலை எது, எந்த ஊர்க் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறவர், ஈரோட்டில் எந்த மருத்துவமனைக்கு எத்தனை முறை போனார், எந்த பைனான்ஸ் ஆபீஸ் வாசலில் அரை மணி நேரம் வண்டி நின்றது என்பதையெல்லாம் அவர் வாய் திறந்து கேட்காமலே தெரிந்துகொள்வார். குலமும் கோயிலும் இங்கே எவ்வளவு செய்தியைத் தாங்கி நிற்கின்றன என்பதைக் கொங்கு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஃபாஸ்டேக்கில் ஏற்கெனவே எல்லாம் பதிவாகிறதே, இதில் புதிதாக என்ன என்று சிலர் கேட்பார்கள். கணியூர் டோலிலும் விஜயமங்கலம் டோலிலும் ஃபாஸ்டேக் வைப்பது இரண்டு புள்ளிகள். காப்பீட்டுச் செயலி வரைவது இரண்டுக்கும் நடுவிலும் அப்பாலும் உள்ள முழுக் கோடு.

சட்டம் எங்கே நிற்கிறது? ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். அப்போது நடைமுறையில் இருந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன் கீழான 2011-ஆம் ஆண்டு விதிகளும். கடவுச்சொல், வங்கி விவரம், உடல்நலம், உடற்கூறு அடையாளம் போன்றவற்றை அவ்விதிகள் நுண்மையான தரவு என்று பட்டியலிட்டன; ஒருவர் எங்கே போனார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பின்னர் 2023-ல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில்தான் நடைமுறைக்கு வரும் என்று அவ்விதிகள் சொல்கின்றன. அதுவரை பழைய 43ஏ பிரிவே நீடிக்கும். இன்று கருவி மாட்டிக்கொள்பவர் பழைய வீட்டையும் காலி செய்யாத, புதிய வீட்டுக்கும் பால் காய்ச்சாத இடைக்காலத்தில் இருக்கிறார்.

புதிய சட்டத்தில் காப்பீட்டு வாடிக்கையாளருக்கு உதவும் சரத்துகள் சில உண்டு. ஒப்புதல் சுதந்திரமானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும், நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும்; அந்த நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே அது செல்லும். மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்று கைபேசியின் தொடர்பு எண்களையும் கேட்டால், பயனாளி சரி என்று தட்டியிருந்தாலும் அந்தப் பகுதிக்கு ஒப்புதல் செல்லாது என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. காப்பீட்டை வைத்தே இன்னொரு உதாரணமும் அதில் இருக்கிறது: பாலிசி வாங்கும்போது, இச்சட்டத்தின் கீழ் புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் புகார் செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒருவரிடம் நிறுவனம் ஒப்புதல் வாங்கினால், அந்தப் பகுதி செல்லாது. இதைத் தொடர்ந்து சிந்தித்தால், தூரத்துக்கு மட்டும் தள்ளுபடி தரும் பாலிசியில் ஜி.பி.எஸ். கேட்பது தேவைக்கு மிஞ்சியது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதால், தமிழில் கேட்பது சலுகை அன்று. கொடுத்த ஒப்புதலைக் கொடுத்த அளவுக்கே எளிதாகத் திரும்பப் பெறவும் முடியும். கருவியை இயக்குவது வேறொரு தொழில்நுட்பக் கம்பெனியாக இருந்தாலும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கே. தக்க பாதுகாப்பு வைக்காமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

அந்த 250 கோடி யாருக்குப் போகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அபராதம் அரசின் தொகுப்பு நிதியில் சேரும். தரவு கசிந்தவருக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. இழப்பீட்டுக்கு இடம் கொடுத்த பழைய 43ஏ பிரிவையோ புதிய சட்டம் நீக்கிவிடுகிறது. நுண்மையான தரவு என்ற தனி வகையும் புதிய சட்டத்தில் இல்லை. ஆகவே பயணத் தடமும் மின்னஞ்சல் முகவரியும் ஒரே தட்டில்தான் நிற்கின்றன. அதோடு, தன் தரவை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமை 2019-ஆம் ஆண்டு மசோதாவில் இருந்தது, 2023-ல் காணாமற்போயிற்று. என்.சி.பி. வண்டியோடு ஒட்டாமல் ஆளோடு வருவது. கம்பெனி மாறினாலும் சான்றிதழ் காட்டி வாங்கிக்கொள்ளலாம். மூன்று வருடம் பார்த்துப் பார்த்து ஓட்டிச் சேர்த்த மதிப்பெண்ணுக்கு அப்படி ஒரு சான்றிதழைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. நல்ல ஓட்டுநரே பழைய நிறுவனத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டிவரும். இந்தக் குறைபாட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கோ இதுவே பெரிதாகப் படுகிறது.

ஓட்டுபவர் வேறு, ஒப்புதல் கொடுத்தவர் வேறு என்பது அடுத்த சிக்கல். கோவை வீடுகளில் கார் ஒன்று, சாவி மூன்று. மகன் கல்லூரிக்கு எடுத்துப் போவான், மருமகள் பள்ளிக்கு எடுத்துப் போவார், தூரப் பயணத்துக்கு ஆக்டிங் டிரைவர் வருவார். செருகு கருவி எல்லோரையும் பாலிசிதாரர் என்றே எழுதிக்கொள்ளும். ஆக்டிங் டிரைவரிடம் யாரும் ஒப்புதல் கேட்டதில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது, ஆனால் பின்சீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தினசரி வழி அம்மாவின் கணக்கில் பதிவாவதை அது தொடுமா என்பது வாரியம் தீர்ப்புச் சொல்லும்வரை திறந்த கேள்விதான். கம்பெனி காராக இருந்தால் நிலைமை இன்னும் இறுக்கம். வேலை சார்ந்த நோக்கங்களுக்கும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாளலாம் என்று அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. முதலில் பார்த்த மெர்ச்சண்டைசர் ஓட்டுவது அலுவலக வண்டி என்றால், அவரிடம் கேட்காமலே கருவி மாட்டிவிட்டு, கேட்க வேண்டியதில்லை என்றும் நிறுவனம் வாதிடலாம்.

சேர்த்த தரவு காப்பீட்டோடு நிற்பதில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்படி, வழக்குக்குத் தேவை என்றால் நீதிமன்றமோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ மின்னணுப் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வேகப் பதிவு சாட்சியமாக வரக்கூடும்; அடிபட்டவர் பக்கம் அது நியாயமும் செய்யலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தள்ளுபடிக்காக என்று கொடுத்த தரவை அதே நிறுவனம் கிளெய்மை வெட்டுவதற்குப் பயன்படுத்துமா என்பதைப் பாலிசித்தாளில் தெளிவாக எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். 2022-ஆம் ஆண்டின் அறிவிப்பு எதை விற்கலாம் என்பதைச் சொன்ன அளவுக்கு, எந்தத் தரவை எடுக்கலாம், எத்தனை நாள் வைக்கலாம், எதற்குத் தொடக் கூடாது என்று வரையறுக்கவில்லை. காப்பீட்டுத் துறைக்கென்று தகவல் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் 2017 முதல் இருக்கின்றன, 2023-ல் புதுப்பிக்கவும் பட்டன. பதிவேடுகளை இந்தியாவுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இவையெல்லாம் பெட்டகத்துக்குப் பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. பெட்டகத்துக்குள் எதைப் போடலாம் என்பது வேறு விஷயம்.

கட்டுப்பாடு இல்லாத சந்தை எப்படி நகரும் என்பதற்கு அமெரிக்கா அண்மைக்கால எடுத்துக்காட்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கார்களிலிருந்து ஓட்டுநர் நடத்தைத் தரவைத் திரட்டி, லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் ஆகிய தரவு நிறுவனங்களுக்குக் கொடுத்ததும், அவ்வழியாகக் காப்பீட்டு நிறுவனங்களின் பிரீமியக் கணக்கில் அது நுழைந்ததும் 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் செய்தியால் அம்பலமாயிற்று. பலருக்குத் தாங்கள் அந்தத் திட்டத்தில் சேர்ந்ததே தெரியாது. சில பதிவுகள் மூன்று நொடிக்கு ஒருமுறை எடுக்கப்பட்டன என்று குற்றம் சாட்டிய அந்நாட்டின் வர்த்தக ஆணையம், இத்தகைய தரவை அந்த வகை நிறுவனங்களுக்கு ஐந்தாண்டுகள் கொடுக்கக் கூடாது என்ற உத்தரவை 2025 ஜனவரியில் முன்வைத்தது. அதே மாதம் ஆல்ஸ்டேட் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் மீது டெக்சாஸ் மாநிலம் வழக்குத் தொடுத்தது. காப்பீட்டுக்குத் தொடர்பே இல்லாத செயலிகளுக்குள் தன் துணை நிறுவனத்தின் நிரலைப் புதைத்து நாலரைக் கோடிப் பேரின் நடமாட்டத்தைத் திரட்டியது என்பது அதில் உள்ள குற்றச்சாட்டு.

அதே நாட்டில் கலிபோர்னியாவின் ஏற்பாடு வேறு. 1988-ல் மக்கள் வாக்கெடுப்பால் வந்த சட்டம், பிரீமியத்தைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணிகள் ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, ஆண்டுக்கு ஓடும் தூரம், ஓட்டிய அனுபவம் ஆகிய மூன்றே என்று கட்டிவைத்தது. தூரத்தைச் சரிபார்க்கக் கருவி வைக்கலாம், ஆனால் வண்டி எங்கே இருக்கிறது என்பதை அந்தக் காரணத்துக்காகத் திரட்டக் கூடாது என்று பின்வந்த விதி சொல்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2021-ல் இறுதி செய்த வழிகாட்டுதலோ வேறொரு தடுப்பு போட்டது: மூலத் தரவு காருக்குள்ளோ கருவி நிறுவனத்திடமோ மதிப்பெண்ணாக மாறட்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கு மதிப்பெண் மட்டும் போகட்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இவ்விரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டாலே முக்கால் பங்குச் சிக்கல் தீரும் என்பது என் கணிப்பு. இரண்டில் கலிபோர்னியா வழி நம் ஊருக்கு எளிது, ஏனெனில் கண்காணிக்க ஒரு எண் மட்டுமே இருக்கும்.

நிறுவனங்களை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுகளைத் தொகுப்பாகத் தனியாருக்குக் கட்டணத்துக்குக் கொடுக்கும் கொள்கை ஒன்றை 2019-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வைத்திருந்தது. அந்தரங்கம் பற்றிய கவலைகள் எழுந்து 2020 ஜூனில் அதைத் திரும்பப் பெற்றது. அதுவரை விற்றது விற்றதுதான்.

முறையிட இரண்டு வாசல்கள் உண்டு, மாறித் தட்டினால் காலம் வீணாகும். பிரீமியம், கிளெய்ம், பாலிசி நிபந்தனை பற்றிய தகராறு என்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், அங்கே தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தரவைப் பற்றிய முறையீடு என்றால், புதிய சட்டத்தின் கடமைகள் நடைமுறைக்கு வந்த பின், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர், பிறகு தரவுப் பாதுகாப்பு வாரியம். மதிப்பெண் தவறு என்பதால் தள்ளுபடி போயிற்று என்ற புகார் எந்த வாசலுக்கு உரியது? இரண்டுக்கும் உரியது என்று நான் வாதிடுவேன். எழுதும் கடிதத்தில் இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுதிவைப்பது நல்லது.

வண்டியை விற்கும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். பழைய கார் வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு. ஆர்.சி. புத்தகம், இரண்டாவது சாவி, ஸ்டெப்னி, ஜாக்கி என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துக் கைமாற்றும் நம்மவர்கள் ஓ.பி.டி. துளையில் இருக்கும் விரல் நீளக் கருவியை மறந்துவிடுகிறார்கள். கைபேசிச் செயலியில் விற்றவரின் கணக்கு அப்படியே இருந்தால், கார் இப்போது கோபியில் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்பதைப் பொள்ளாச்சியில் உட்கார்ந்து அவர் பார்க்கலாம். வாங்கியவருக்கு அது தெரியவே தெரியாது. துளையில் இருப்பதைக் கழற்றி வாங்கிக்கொண்டு, செயலியில் வண்டியை நீக்கி, ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், சேர்த்த தரவை அழியுங்கள் என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் அந்தக் கார் முழுதாகக் கைமாறுகிறது.